காய நோட்டில் ஒரு வரி

ஞானம்மாவின் வலது கையில் இடுக்கி, இடது கையில் பஞ்சு. கன்னியம்மாவின் முழங்காலுக்குக் கீழே ஆறு விரற்கடை நீளத்துக்குத் தோல் கிழிந்து வாய் பிளந்திருந்தது. உள்ளே எலும்பு முறிந்திருக்கிறது என்பது பாதம் திரும்பிக் கிடந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. எலும்பைச் சேர்ப்பது மெட்ராஸ் டாக்டர்களின் வேலை. காயத்தைச் சுத்தம் செய்து, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, அதுவரை ஆளை உயிரோடு வைத்திருப்பது ஞானம்மாவின் வேலை. கிழிந்த தோலின் ஓரத்தை மெல்லத் தூக்கி, உள்ளே ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பீங்கான் தட்டில் போட்டாள். தார் ஒட்டிய மணல். அதோடு கொள்ளுப் பொட்டு. காய்ந்த கொள்ளுக்காய் நசுங்கினால் மிஞ்சுகிற ஓடு. எண்ணிக்கொண்டே எடுத்தாள். பதினொன்று.

"சாவடிக்கிறியே ஞானம்! உனக்கு நான் இன்னா பாவம் பண்ணேன்?"

"கத்து அண்ணி, நல்லா கத்து. கத்துற வரைக்கும் மயக்கம் வரலைன்னு எனக்குத் தெரியும். காலை மட்டும் ஆட்டாத."

"உங்கண்ணன் எங்க?"

"வாசல்ல நின்னு வெள்ளைக்காரனை மொறைச்சிக்கினு இருக்காரு."

"அவனுக்கு இன்னா ஆச்சி?"

"மூக்குல ரத்தம். நம்ம ஆளுங்க வச்ச குத்து. நீ பேசாம படு."

கன்னியம்மா ஞானம்மாவின் அண்ணன் ராஜமாணிக்கத்தின் மனைவி. ஞானம்மாவும் அந்த வீட்டில்தான் இருந்தாள். இருபது வயதில் கல்யாணம், இரண்டே வருடத்தில் டைபாய்டில் புருஷன் போய்விட்டான். அழுது முடித்ததும் அவள் செய்த முதல் காரியம், மெட்ராஸில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலைக்குப் போனது. தரை துடைத்தவளை இரண்டு வருடம் கழித்து நர்ஸ் உதவிப் பயிற்சியில் சேர்த்தார்கள். பதினெட்டு மாதம் படித்தாள். களை எடுத்தும் நாற்று நட்டும் பிழைத்த குடும்பத்தில் வெள்ளைப் புடவை கட்டி, சட்டையில் பேனா குத்தி வந்த முதல் ஆள் அவள். அறுபத்து நான்கில் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், கல்கத்தா ரோட்டின் ஓரத்திலேயே மிஷன் திறந்த இந்தச் சின்ன டிஸ்பென்சரிக்கு அவளை அனுப்பினார்கள். டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் ஞானம்மாதான்.

இது நடந்தது எழுபத்தொன்றாம் வருடம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி.

சிம்பு கட்டி, டெட்டனஸ் ஊசி போட்டு முடித்ததும் அவள் கையைக் கழுவிக்கொண்டு காய நோட்டைத் திறந்தாள். யாருக்கு அடிபட்டு வந்தாலும் அதில் எழுதியாக வேண்டும். முதல் பக்கத்தில் மிஷன்காரர்கள் ஒரே ஒரு விதியை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்: கண்டதை மட்டும் எழுது, கேட்டதை எழுதாதே. வந்தவர்கள் நூறு கதை சொல்வார்கள்; அதெல்லாம் நோட்டுக்குள் வரக் கூடாது. ஞானம்மா பெயரும் நேரமும் எழுதினாள். வலது காலில் திறந்த முறிவு என்று எழுதினாள். அதற்குக் கீழே எழுதினாள்: "காயத்துக்குள் தார் மணலும், நசுங்கிய கொள்ளுப் பொட்டு பதினொன்றும் இருந்தன. எடுக்கப்பட்டன."

பிறகுதான் வெள்ளைக்காரனை உள்ளே கூப்பிட்டாள். இருபத்தாறு வயது இருக்கும். ஹாலந்து தேசத்துத் தச்சன், பெயர் ஹென்ட்ரிக். தரை வழியாகவே ஒரு நீல வேனை ஓட்டிக்கொண்டு இந்தியாவைப் பார்க்கக் கிளம்பியவன். கல்கத்தாவிலிருந்து மெட்ராஸுக்குப் போய்க்கொண்டிருந்தான். இடித்ததும் ஓடாமல் நின்று, குத்தும் வாங்கிக்கொண்டு, தன் வேனிலேயே கன்னியம்மாவைப் படுக்கவைத்துக் கொண்டு வந்தது அவன்தான். அவன் மூக்கில் பஞ்சை வைத்து அழுத்தும்போது, யாரும் கேட்காமலே, இங்கிலீஷில் சொன்னான்:

"மேப் பார்த்தேன். ஒரு நிமிஷம்தான். பக்கத்து சீட்டில் மேப் இருந்தது. குனிந்து அதைப் பார்த்தேன். நிமிர்ந்தால் ரோடு முழுக்கச் செடி."

ஞானம்மாவின் இங்கிலீஷ் ஆஸ்பத்திரி இங்கிலீஷ்தான். ஆனாலும் இவ்வளவு புரிந்தது. அவள் அதை நோட்டில் எழுதவில்லை. அது கேட்டது, கண்டதில்லை.

ரோடு முழுக்கச் செடி எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் தை, மாசியில் கொள்ளு அறுத்தால் செடியோடு கொண்டுவந்து கல்கத்தா ரோட்டில் பரப்பிவிடுவார்கள். ஞானம்மாவின் காலனியில் இருந்த முப்பது குடும்பத்துக்கும் சொந்தக் களம் கிடையாது. லாரிச் சக்கரம் ஏறி இறங்கினால் காய் உடைந்து பயறு தானே பிரியும். மாடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். பழகின லாரிக்காரன் தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பான். ஆனால் செடிமேல் ஏறிய பிறகு பிரேக் போடமாட்டான், ஸ்டியரிங்கையும் திருப்பமாட்டான். நேராகப் போய்விடுவான். ஹாரன் கேட்டதும் செடி புரட்டுகிறவர்கள் ஓரம் இறங்கிக்கொள்வார்கள். இது எங்கும் எழுதி வைத்ததல்ல, எல்லோருக்கும் தெரியும். ஹாலந்துக்காரனுக்கு யார் சொல்வது? மேப்பிலிருந்து நிமிர்ந்தவன் பயந்துபோய்ப் பிரேக்கை மிதித்தான். சக்கரத்துக்கு அடியில் பயறு வழுக்கியது. வேன் அரை வட்டம் சுற்றி, ஓரத்தில் செடி புரட்டும் கவைக்கோலோடு நின்ற கன்னியம்மாவின் காலில் பின்பக்கத்தால் அடித்தது.

அண்ணியை அந்த வழியே வந்த ஒரு லாரியில் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடும்போது ராஜமாணிக்கம், "புத்தூரு எலும்பு வைத்தியர்கிட்ட போய்க் கட்டு போட்டா போதாதா?" என்றான்.

"மூடின முறிவுன்னா நானே புத்தூருக்குப் போன்னு சொல்வேன். இது திறந்த காயம். ஏறு வண்டியில."

ஏட்டு துளசிராமன் வந்து இடத்தைப் பார்ப்பதற்குள் காலனிப் பெண்கள் துடைப்பம் எடுத்து ரோட்டைக் கூட்டிவிட்டார்கள். ஒரு பயறு மிச்சமில்லை. ரோட்டில் விளைச்சலைப் பரப்புவதும் குற்றம்தான், அது எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரியும். கேஸ் வந்தால் முப்பது குடும்பத்துக்கும் வரும். இனிமேல் கொள்ளுச் செடியை எங்கே அடிப்பது? அதனால் எல்லோரும் ஒரே வாய். ரோடு சுத்தமாக இருந்தது, வெள்ளைக்காரன் கண்மண் தெரியாமல் வந்தான், இடித்தான். ராஜமாணிக்கம் அப்படியே புகார் எழுதிக் கொடுத்தான்.

துளசிராமன் டிஸ்பென்சரிக்கு வந்து நோட்டைப் புரட்டினார். ஆந்திர எல்லைக்காரர். கெட்டவர் இல்லை, வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைப்பவர்.

"இன்னாம்மா இது, கொள்ளு கிள்ளுன்னு எழுதி வச்சிக்கினு?"

"காயத்துல இருந்துச்சி சார்."

"ரோடு துடைச்சி வச்ச மாதிரி இருக்குது. நானே பார்த்தேன்."

"துடைச்சிதான் வச்சாங்க. நீங்க ரோட்டைப் பார்த்தீங்க, நான் காயத்தைப் பார்த்தேன்."

அவர் சிரித்துவிட்டு நோட்டை மூடினார். "மெட்ராஸ் டாக்டர் சர்டிபிகேட்டு போதும். உன்னை எதுக்கு பேஜாரு பண்ணணும்?" என்று போய்விட்டார். வெள்ளைக்காரன் அவளிடம் ஏதாவது சொன்னானா என்று அவர் கேட்கவில்லை.

வாசலில் ராஜமாணிக்கம் அவரை மடக்கினான். "சார், ஃபாரின்காரன். நாளைக்கே பிளேன் ஏறிப் போய்ட்டான்னா?"

"எப்படி நைனா போவான்? பாஸ்போர்ட்டு கோர்ட்டுக்குப் போய்டும். வண்டி ஸ்டேஷன்ல நிக்கும். அவன் ஊரு லைசென்ஸு இருக்கட்டும், இன்டர்நேஷனல் பர்மிட் இருக்கட்டும், நம்ம ரோட்டுல நம்ம ஆளை இடிச்சா நம்ம சட்டம்தான். அவங்க எம்பசிக்கே போன் போட்டான். வக்கீலு பேரு குடுப்போம், பாக்க ஆளு அனுப்புவோம், கேஸுல கை வைக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்களாம்."

"ஜெயிலா?"

"அஜாக்கிரதையா ஓட்டிக் கொடுங்காயம். ரெண்டு வருஷம் வரைக்கும் போடலாம்."

"போடட்டும்" என்றான் ராஜமாணிக்கம்.

ஜாமீன் என்றால் நிலப் பட்டாவோடு உள்ளூர்க்காரர் இருவர் வேண்டும். கடல் கடந்து வந்தவனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஆறு நாள் அவன் உள்ளே இருந்தான். பிறகு மூன்று ஏக்கர் வைத்திருந்த மிஷன் கோயில் உபதேசியார் தானியேல் ஒரு கையெழுத்துப் போட்டார். எம்பசி கொடுத்த பட்டியலிலிருந்து பிடித்த திருவள்ளூர் வக்கீல் அனந்தபத்மநாபன் தன் மைத்துனரை இன்னொரு கையெழுத்துப் போடவைத்தார். தாலுகாவைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. ஹென்ட்ரிக் தானியேல் வீட்டு மாட்டுக் கொட்டகை ஓரத்தில் கட்டில் போட்டுக்கொண்டான். செய்ய ஒன்றுமில்லை. தினமும் காலையில் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்று, "கால்? கால் எப்படி?" என்று கேட்பான். நாலாவது நாள் ஞானம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"சும்மா நிக்காத. தண்ணி இறை. ஊசியைக் கொதிக்க வை. இருபது நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து."

அதற்கப்புறம் அது அவன் வேலையாகிவிட்டது. ஆடுகிற பெஞ்சு நான்குக்கும் அவனே புதுக் கால் போட்டுக் கொடுத்தான். அடுத்த மாதம் மாவுக்கட்டோடு கன்னியம்மா திரும்பி வந்தபோது, பூவரசங்கட்டையில் அவளுக்கு இரண்டு ஊன்றுகோல் செய்து கொண்டுவந்தான். கன்னியம்மா வாங்கிப் பார்த்தாள்.

"இடிச்சதும் நீ, கோலு குடுக்கறதும் நீயா? நல்ல யாவாரம்டா தொரை."

"என்ன சொல்கிறாள்?" என்று அவன் ஞானம்மாவைக் கேட்டான்.

"அளவு சரியா இருக்குதாம்" என்றாள் ஞானம்மா.

சித்திரையில் கேஸ் பொன்னேரி கோர்ட்டில் எடுக்கப்பட்டது. ராஜமாணிக்கமும் காலனி ஆட்கள் இருவரும் கூண்டில் ஏறி, ரோடு சுத்தமாக இருந்தது என்றார்கள். கன்னியம்மா மட்டும், "வலியில எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க" என்று சொல்லி இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் புருஷனோடு பேசவில்லை.

அந்த வாரம்தான் வக்கீல் அனந்தபத்மநாபன் டிஸ்பென்சரிக்கு வந்தார். நெற்றி நிறையத் திருமண், கையில் தோல் பை. வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டார்.

"நீதானே நர்ஸ்? அன்னிக்கு முதல்ல கட்டுப் போட்டது நீதானாமே. ஏதாவது எழுதி வச்சிருக்கியா?"

நோட்டை நீட்டினாள். ஒரே வரியை மூன்று தடவை படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பேஷ்! இது போறும். ரோட்டை அடைச்சுக் கொள்ளு போட்டிருக்கா. வெளிதேசத்துப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? யார் ஓட்டியிருந்தாலும் வழுக்கித்தான் இருக்கும். இவன் மேல தப்பே இல்லைன்னு வெளியில கொண்டுவந்துடலாம். சம்மன் வரும், நோட்டை எடுத்துண்டு வந்து இதை மட்டும் சொல்லு."

இதை மட்டும். அந்தச் சொல் ஞானம்மாவின் காதில் தங்கிவிட்டது.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாயே திறக்காவிட்டால் மேப் பார்த்த ஒரு நிமிஷத்துக்கும், பரப்பின கொள்ளுக்கும் சேர்த்து அவன் ஒருத்தனே ஜெயிலுக்குப் போவான். நோட்டில் உள்ளதை மட்டும் சொன்னால் அவன் கை வீசிக்கொண்டு போவான். அவன் மேல் தப்பே இல்லை என்றால் இந்தியாவுக்குள் நுழையும்போது எல்லையில் அவன் வேனுக்கு எடுத்த இன்சூரன்ஸும் கன்னியம்மாவுக்கு வராது. இரண்டுமே பாதி. பாதிக் காயத்தைச் சுத்தம் செய்து மூடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

சம்மன் வந்த அன்று மத்தியானம் ராஜமாணிக்கம் டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டான்.

"நோட்டுல அந்தப் பக்கத்தைக் கிழிச்சிப் போடு, ஞானம்."

"நம்பர் போட்ட நோட்டு அண்ணே. கிழிக்க முடியாது."

"அப்போ மை கொட்டு. பச்சைத் தண்ணி கொட்டு. இன்னாமே, எனக்கா சொல்லித் தரணும்? நீ போயி கோர்ட்டுல கொள்ளு இருந்துச்சின்னு சொன்னா, நான் பொய் சொன்னேன்னு ஆவுதா இல்லியா? முப்பது குடும்பமும் நாளைக்கு கேஸுல நிக்கணும். உன் கூடப் பொறந்தவன் நானா, அந்தத் தொரையா?"

"நீதான். அதான் உனக்கு முன்னாடியே சொல்றேன். நான் பார்த்ததைச் சொல்வேன். அவன் வாயால சொன்னதையும் சொல்வேன். அவன் மேப் பார்த்துக்கினுதான் ஓட்டினான்."

ராஜமாணிக்கம் கண்ணை அகலத் திறந்தான். "அப்போ அதை மட்டும் சொல்லேன்!"

"ஒருத்தரு விடாம எல்லாரும் ஒண்ணை மட்டும் சொல்லச் சொல்றீங்க."

அவன் முகம் இறுகிவிட்டது. "கோர்ட்டுக்குப் போற காலு என் ஊட்டுக்கு வரவேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் அவளுடைய தகரப் பெட்டியும் பாயும் டிஸ்பென்சரி வாசலில் இருந்தன. ஞானம்மா பெட்டியைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, உள்ளே இழுத்து வைத்தாள். மருந்து அலமாரிக்குப் பின்னால் ஓர் ஆள் படுக்க இடம் இருந்தது. ஏழு வருடம் சேர்ந்து சாப்பிட்ட வீட்டை நினைத்து மனசு கனக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த நாள் அம்மை ஊசி போட நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள், நினைக்க நேரமில்லை.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவர்களில் மிச்சம் ஒருத்தன். ஹென்ட்ரிக் ஸ்டவ் முன்னால் உட்கார்ந்து ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது அவனிடமும் சொன்னாள்.

"நாளன்னிக்குக் கோர்ட்டுல கொள்ளு இருந்ததைச் சொல்வேன். நீ மேப் பார்த்ததையும் சொல்வேன்."

அவன் திரும்பவில்லை. "வக்கீல் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார்."

"உன்னைத்தான் பேச வேணாம்னார். என்னை இல்ல."

"ஜெயில் வருமா?"

"தெரியாது. ஜட்ஜைக் கேட்டாத்தான் தெரியும்."

அவன் கொஞ்ச நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது நிமிஷம் ஆனதும் ஸ்டவ்வை அணைத்தான். ஊசிகளை இடுக்கியால் எடுத்து, சொல்லிக்கொடுத்த மாதிரியே துணிமேல் வரிசையாக வைத்தான். அடுத்த நாளும் வேலைக்கு வந்தான்.

ஆனி மாதம், புழுக்கமான ஒரு வியாழக்கிழமை. டாக்டர் வருகிற நாள் என்பதால் டிஸ்பென்சரியை அவரிடம் விட்டுவிட்டு, நோட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ஞானம்மா பஸ் ஏறிப் பொன்னேரி போனாள். காலனியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வேறொரு பஸ்ஸில் வந்திருந்தார்கள். ஊன்றுகோலோடு கன்னியம்மாவும் வந்திருந்தாள். ராஜமாணிக்கம் சுவரைப் பார்த்து நின்றான்.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். வக்கீல் நோட்டைக் காட்டிக் கேட்டார்; படித்தாள். பின்பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார்.

"ஏம்மா, வயல்ல வேலை செய்ற பொம்பளை. புடவையில, கால்ல பொட்டு ஒட்டிக்கினு இருந்திருக்கும். அதை வச்சி ரோட்டுல கொள்ளு இருந்துச்சின்னு சொல்லிடுவியா?"

"ஒட்டிக்கினு இருந்தா தோலுக்கு மேல இருக்குங்க. நான் எடுத்தது தோலுக்கு அடியில. பதினொண்ணும் தட்டையா நசுங்கி, தார் ஒட்டி இருந்திச்சி. வயல்ல தார் கிடையாதுங்க."

மாஜிஸ்திரேட் பேனாவை நிறுத்தி அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அனந்தபத்மநாபன் திருப்தியோடு, "அவ்வளவுதான், இறங்கலாம்" என்றார்.

ஞானம்மா இறங்கவில்லை.

"ஐயா, என்னை யாரும் கேக்காதது ஒண்ணு இருக்குது."

"முடிஞ்சுடுத்தும்மா, இறங்கு" என்றார் வக்கீல், இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக.

"அந்த அம்மா பேசட்டும்" என்றார் மாஜிஸ்திரேட்.

"அன்னைக்கு இவர் மூக்குக்கு மருந்து வைக்கும்போது என்கிட்டச் சொன்னாருங்க. வண்டி ஓட்டும்போதே குனிஞ்சி மேப் பார்த்தாராம். நிமிர்றதுக்குள்ள செடி கிட்ட வந்துடுச்சாம். அது நான் கேட்டது, கண்டதில்லை. அதனால நோட்டுல எழுதல. கொள்ளு போட்டது எங்க ஜனங்க தப்பு. கூட்டி மறைச்சது அதைவிடத் தப்பு. ரோட்டைப் பாக்காம ஓட்டினது இவர் தப்பு. இடிச்சப்புறம் ஓடாம நின்னு, தூக்கினு வந்து சேர்த்ததும் இவர்தான். இவ்வளவும் எனக்குத் தெரியும். இதுக்கு மேல தெரியாதுங்க."

அனந்தபத்மநாபன் பையை மூடித் திறந்தார். மொழிபெயர்ப்பவர் எல்லாவற்றையும் இங்கிலீஷில் ஹென்ட்ரிக்குக்குச் சொன்னார். மாஜிஸ்திரேட், "இது உண்மையா?" என்று கேட்டார். வக்கீல் அவன் கையைத் தொட்டார். அவன் எழுந்து நின்றான்.

"உண்மை. மேப் பார்த்தேன்."

சாப்பாட்டு நேரம் முடிந்து தீர்ப்புச் சொன்னார்கள். குற்றம் ருசுவானது. ஆனால் ஓடாமல் நின்று உதவியதையும், ரோட்டில் விளைச்சல் கிடந்ததையும் பார்த்து, கோர்ட் கலையும் வரை காவலும் அபராதமும்தான் தண்டனை. அபராதம் முழுவதும் கன்னியம்மாவுக்கு. இன்சூரன்ஸ் தனியாகச் செங்கல்பட்டில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது. அது இரண்டு வருடம் இழுத்தது. கொள்ளு கிடந்ததற்கென்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள்.

மாஜிஸ்திரேட் ராஜமாணிக்கத்தை முன்னால் கூப்பிட்டார். "கல்கத்தா ரோடு உங்க களம் இல்லை. பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா? வீட்டிலேயே உண்மை பேச ஓர் ஆள் இருந்ததால நீ தப்பிச்சே. இன்னொரு தடவை வந்தா விடமாட்டேன்." முப்பது குடும்பத்தின் மேலும் கேஸ் வரவில்லை. அதற்காகத் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அடுத்த மாசியிலும் கொள்ளு ரோட்டில்தான் காய்ந்தது. ஆனால் இரண்டு பக்கமும் நூறு கஜம் தள்ளி, சிவப்புத் துணி கட்டிய கம்பு நின்றது.

கோர்ட் கலைய ஐந்து மணி ஆயிற்று. அதுவரை ஹென்ட்ரிக் ஒரு கான்ஸ்டபிள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதுதான் அவனுடைய சிறை. பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் நேராக ஞானம்மாவிடம் வந்து நன்றி சொன்னான்.

"நன்றி எதுக்கு? இனிமே வண்டியை நிறுத்திட்டு மேப் பாரு" என்றாள் அவள்.

பின்னாலேயே வக்கீல் வந்தார். "என் கேஸைக் கெடுத்துட்டேள். ஆனா இருபது வருஷத்துல இப்படி ஒரு சாட்சியை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு எப்படிப் போகப் போறேள்?"

காலையில் 'இறங்கு' என்றவர் இப்போது 'போறேள்' என்கிறார். ஞானம்மா அதைக் கவனித்துக்கொண்டாள். "பஸ்ஸுலதாங்க" என்றாள்.

பஸ்ஸில் கன்னியம்மாவுக்குக் காலை நீட்ட இடம் கொடுத்திருந்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்ததும் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அதோ முன்னால வெள்ளைப் புடவை, பாருங்க. எங்க நாத்தனாரு. பெரிய வக்கீலையே கம்முனு ஒக்கார வச்சிட்டு வருது. ஜட்ஜு பேனாவைக் கீழ வச்சிட்டுக் கேட்டாரு. எங்க காலனிதான்!"

"உங்க காலனிதான் ரோட்டை அடைக்குதா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாய்யா, நாங்கதான். அதையும் அதுதான் சொல்லிச்சி!"

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். கோர்ட்டில் முணுமுணுத்தவர்களும்தான். ராஜமாணிக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றான். டிஸ்பென்சரி ஸ்டாப்பில் ஞானம்மா இறங்கினாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவள் கதவைத் திறந்தபோது வாசலில் சைக்கிள் நின்றது. பிடியை ராஜமாணிக்கம் பிடித்திருந்தான். கேரியரில் கன்னியம்மா, மடியில் தூக்குவாளியோடு.

"நாஷ்டா. கேவுரு அடை. இன்னும் சூடா இருக்குது" என்றாள் கன்னியம்மா.

ராஜமாணிக்கம் அவளைக் கேரியரிலிருந்து இறக்கிவிட்டு, தங்கையைப் பார்க்காமல் உள்ளே போனான். மருந்து அலமாரிக்குப் பின்னாலிருந்து தகரப் பெட்டியை இழுத்துக் கொண்டுவந்து சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். பாயைச் சுருட்டி மேலே செருகினான்.

ஞானம்மா அண்ணியைப் பெஞ்சில் உட்காரவைத்து, கையைக் கழுவிக்கொண்டு, மாவுக்கட்டு எடுத்தபின் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்தாள். விளக்கடியில் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோல் சேர்ந்திருந்தது. நோட்டைத் திறந்து எழுதினாள்: "காயம் முழுவதும் ஆறிவிட்டது. உள்ளே எதுவும் இல்லை."

வாசலில் பெட்டியின் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே ராஜமாணிக்கம் உரக்கச் சொன்னான்:

"நல்லாப் பார்த்துட்டு எழுது. அப்பால கோர்ட்டுல கேப்பாங்க."

"பார்த்துட்டுதான் எழுதினேன் அண்ணே" என்று சொல்லி, ஞானம்மா தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டாள்.